மாத்திரை வாங்கப் போகும் நாளில் இதயத்தையும் கவனியுங்கள்

2004-இல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தொடங்கிய, கிருமியை அடக்கும் ஏ.ஆர்.டி. சிகிச்சையால், எச்.ஐ.வி. உள்ளவர்கள் இன்று முதுமை வரை வாழ்கிறார்கள். கிருமி அடங்கினாலும் உடலுக்குள் லேசான அழற்சி ஓயாமல் நீடிக்கும். அது ரத்தக் குழாயில் கொழுப்பு படிய வழிசெய்யும். இதனால் இவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. எச்.ஐ.வி. உள்ள வத்திராயிருப்பு வாசகர் செய்ய வேண்டியவை:

1. ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். விட்டால் கிருமி பெருகும், இதயத்துக்கும் கேடு.

2. பிரஷர், சுகர், கொழுப்பு மூன்றையும் பார்த்துக் குறித்துவையுங்கள். பிரஷர் 140/90-ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர் வீட்டுக்கு வந்தால், பிரஷர் பார்க்க எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

3. வயது 40 தாண்டியிருந்தால், கொழுப்பு குறைக்கும் ஸ்டாட்டின் வேண்டுமா என்று கேளுங்கள். இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்த 'ரிப்ரீவ்' ஆய்வில் (2023), பிடாவாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். ரிடோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் ஆகாது.

4. வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் காட்டுங்கள். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கு, சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் அளவை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். மெக்னீசியம், அலுமினியம் கலந்த கேஸ் மருந்து குடித்தால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாக ஏறாது. கேஸ் மருந்தைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோ டோலுடெக்ராவிரைப் போடுங்கள்.

5. பீடி, சிகரெட், வாய்ப் புகையிலை மூன்றையும் நிறுத்துங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விசேஷ நாளோடு நிற்கட்டும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

6. நெஞ்சு அழுத்தி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலுதவி மாத்திரைகள் தருகிறார்கள். அங்கே எச்.ஐ.வி. மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதை உங்கள் சம்மதமின்றி வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. சந்தேகமிருந்தால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, பிரஷர் பார்க்காமல் திரும்பாதீர்கள்.