சுண்ணாம்பும் சுர்க்கியும்: உரோமர் நீர்த்தொழிலும் பெரியாற்று அணையும்

பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி பூண்டு வாணிகத்தால் பெயர்பெற்ற ஊர். அவ்வூர் மக்களுக்கு அணை என்பது பாடநூற்செய்தி அன்று. வைகை அணை எழுந்தபோது நீருக்குள் அமிழ்ந்த சிற்றூர்களை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு வடுகபட்டி இடம் தந்தது. மேட்டூர் என்னும் சிற்றூரிலிருந்து அவ்வாறு வந்த குடும்பத்தின் பிள்ளையே கவிஞர் வைரமுத்து. 1959இல் திறக்கப்பட்ட அவ்வணையில் தேங்கும் நீரில் ஒரு பெரும்பகுதி மலைக்கு அப்பாலிருந்து வரும் பெரியாற்று நீராகும். ஆகவே வைகையை அறியப் புகுவோர் பெரியாற்று அணையை அறிதல் வேண்டும். அதை அறியப் புகுந்த நாம் பண்டை உரோமாபுரியில் போய் நின்றோம். காரணம் ஒரு பிடிச் செங்கற்பொடி.

மேற்கே ஓடிக் கடலிற் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பழையது. இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டிலேயே இதன்பொருட்டு ஆளனுப்பி மலையை ஆராயச் செய்தார். பொருளின்மையால் அம்முயற்சி நின்றது. நூறாண்டு கழித்து, 1886இல் திருவிதாங்கூர் அரசோடு குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. மறு ஆண்டு பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் தொடங்கிய பணி பலமுறை வெள்ளத்தால் சிதைந்தும் 1895 அக்டோபரில் நிறைவுற்றது. அடித்தளத்திலிருந்து 176 அடி உயரம். ஏறத்தாழ 1,200 அடி நீளம். அதன் முகப்புகள் கருங்கற்கட்டு. உள்ளுடல் முழுவதும் சுண்ணாம்பும் சுர்க்கியும் மணலும் கல்லும் கலந்த காரை.

சுர்க்கி என்பது செங்கல்லை இடித்துச் சலித்த பொடி. 'சுர்க்' என்றால் பாரசீகத்தில் சிவப்பு, நிறமே பெயராயிற்று. இப்பொடி வெறும் நிரப்புப் பொருள் அன்று. சுண்ணாம்பு தனித்து நின்றால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டே இறுகும். நூறடிக்கு மேல் தடித்த கட்டின் நடுவே காற்று எவ்வாறு புகும்? நீருக்குள் இருக்கும் காரை எவ்வாறு இறுகும்? அளவாகச் சுட்ட களிமண்ணில் உள்ள மணற்சத்து சுண்ணாம்போடு ஈரத்தில் வினைபுரிந்து கல்லாகிறது. அதற்குக் காற்று வேண்டுவதில்லை. செங்கல்லை மிகையாகச் சுட்டாலோ இவ்வாற்றல் குன்றிவிடும். எனவேதான் கருகிய செங்கல் சுர்க்கிக்கு உதவாது.

இதனையே உரோமர் வேறொரு வழியில் கண்டனர். நேப்பிள்சு வளைகுடாவை ஒட்டிக் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் கடலுக்குள்ளும் காரை இறுகுவதை அவர்கள் அறிந்திருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த விட்ருவியசு தம் கட்டடக்கலை நூலில் இதற்கு அளவும் கூறுகிறார். அவர் கூறும் மற்றொரு குறிப்பே நமக்கு உரியது: ஆற்றுமணலோ கடல்மணலோ கொண்டு காரை செய்வோர், சுட்ட ஓட்டை இடித்துச் சலித்து மூன்றிலொரு பங்கு சேர்த்தால் காரை சிறக்கும் என்பது. பெயர்தான் வேறு; பொருள் நம் சுர்க்கியே. மதுரை வட்டாரத்தில் உரோமக் காசுகள் கிடைத்துள்ளமையால் இத்தொழிலும் யவனர் கொணர்ந்ததே என்று சிலர் முடிவுகட்டக்கூடும். சான்றின்றி உறவு கூறுதல் ஆராய்ச்சி ஆகாது. மண்ணைச் சுடத் தெரிந்த மக்கள் இதைத் தாமே கண்டறிதல் இயல்பே.

உரோமர் கட்டிய அணைகளுள் உயர்ந்தது, நீரோ மன்னன் சுபியாக்கோ என்னுமிடத்தில் எழுப்பியது. ஏறத்தாழ 40 மீட்டர் உயர்ந்திருந்த அது 1305இல் இடிந்தது. இசுபெயின் நாட்டு மெரிடா நகருக்கு அருகிலுள்ள புரோசர்பினா அணையோ இன்றும் நீர் தேக்கி நிற்கிறது. அந்நாட்டுக் குர்துபா நகரின் உரோமர் கால நீர்க்கால் ஒன்றைப் பத்தாம் நூற்றாண்டு முஸ்லிம் ஆட்சியாளர் செப்பனிட்டு மதீனத்துஸ் ஸஹ்ரா அரண்மனை நகருக்கு நீர் கொணர்ந்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும் உரோமரின் பெருந்திறம் அணையினும் நீரை நடத்திச் செல்வதிலேயே விளங்கிற்று. பிரான்சு நாட்டு நீம் நகருக்கு அவர்கள் அமைத்த கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர் நீளமுடையது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே இறக்கம் 20 மீட்டருக்கும் குறைவு. நம் பெரியாற்றுத் திட்டத்தின் உயிர்நிலையும் இதுவே. அங்கு அணையின் முதற்பணி நீரைச் சேமிப்பது மட்டுமன்று. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வாய்மட்டத்துக்கு நீரை ஏற்றுவது. ஏறத்தாழ 104 அடிக்குக் கீழ் நிற்கும் நீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வாராது. அதற்குமேல் எழும் நீர் 5,704 அடி நீளச் சுரங்கத்தின் வழியே கிழக்கே பாய்ந்து, மலையடிவாரத்தில் மின்சாரமும் தந்து, முல்லையாறாகி வைகையில் சேர்கிறது.

மலையை இருபுறமும் குடைந்து நடுவில் சந்திப்பது எளிதன்று. இன்று அல்ஜீரியாவில் பிஜாயா எனப்படும் சல்தே நகருக்காக நோனியசு தாத்தசு என்னும் உரோமப் படையின் அளவையாளர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஒரு சுரங்கம் குறித்துக் கொடுத்துச் சென்றார். பின்னர் அவரை மீண்டும் அழைத்தனர். வழியில் கள்வர் தாக்கி ஆடையையும் பறித்தனர். காயத்தோடு போய்ச் சேர்ந்தவர் கண்டது யாது? இருபுறத்துத் தோண்டுநரும் சேர்ந்து தோண்டிய நீளம் மலையின் அகலத்தையே விஞ்சிவிட்டது. இரு குகைகளும் ஒன்றையொன்று காணாமல் விலகிச் சென்றிருந்தன! கோட்டைத் திருத்தி இரண்டையும் இணைத்த அவர் இவ்வரலாற்றைக் கல்வெட்டாகவும் பொறித்து வைத்தார். தம் பணியில் நேர்ந்த இடரை இவ்வளவு வெளிப்படையாகக் கல்லில் எழுதிய பொறியாளர் அரியர்.

பெரியாற்றில் வென்ற காரைக்கும் இடர் உண்டு. கசியும் நீரோடு சுண்ணாம்பு கரைந்து வெளியேறுவதே அது. அதனால் பிற்காலத்தில் துளையிட்டுச் சிமெண்டுக் கரைசல் செலுத்தினர். 1979க்குப் பின் அணைமேல் கனத்த காங்கிரீட்டு மூடி, எஃகு வடங்களின் பிணைப்பு, பின்புறத்தில் முட்டுச்சுவர் ஆகியன சேர்ந்தன. உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது 2014இல். ஆகவே இன்று நிற்பது சுண்ணாம்பின் தனிவலிமையே எனப் பெருமை பேசுதலும், சுண்ணாம்புக் கட்டு என்பதனாலேயே இகழ்தலும் முறையல்ல. உரோமக் காரையிலுள்ள சுண்ணாம்புக் கட்டிகள் கரைந்து, விரிசலைத் தாமே அடைப்பதாக 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கரைதலே ஓரிடத்தில் நோயாகவும் ஓரிடத்தில் மருந்தாகவும் நிற்பது வியப்பே.

அணைப்பணியில் நோயால் இறந்தவர் நானூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் சிலரின் கல்லறைகள் அணையருகே உள்ளன. கூலிகளாய் வந்து மாண்ட ஏனையோரின் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் கையாண்ட தொழிலின் சொற்களேனும் எஞ்சியுள்ளன: சுக்கான்கல், நீற்றுதல், செக்கிலிட்டு அரைத்தல், கடுக்காய் நீர், காரை. இவற்றையும் சிமெண்டு விழுங்கி வருகிறது. வடுகபட்டியிலோ கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ சுண்ணாம்புக் கட்டில் கைபழகிய முதிய கொத்தனார் எவரேனும் இருப்பின், மாணவர்கள் விடுமுறையில் அவரிடம் அமர்ந்து அச்சொற்களையும் கலவை அளவுகளையும் அவர் வாய்மொழியிலேயே எழுதிக் கொணர்க. அடுத்த மலரில் அவற்றை அச்சிடுவோம்.