கேமராவுக்கு ஏற்ற ரெக்கார்டர் – வாங்கும் முன் அறிய வேண்டியவை

நம் வணிகர்களில் பெரும்பாலோர் விடியுமுன் மார்க்கெட்டுக்குக் கிளம்பி, இரவு கடை கட்டிய பிறகே வீடு திரும்புகிறோம். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் வயதானவர்களும்தான். ஆகவே கடையைப் போலவே வீட்டுக்கும் கண்காணிப்பு கேமரா அவசியம் என்பதில் இன்று இரு கருத்து இல்லை. திரு. ஏ.கே. விஸ்வநாதன் அவர்கள் சென்னைக் காவல் ஆணையராக இருந்த காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருத் தெருவாகக் கேமரா பொருத்தும் இயக்கம் நடந்தது நினைவிருக்கும். அப்போது நம்மில் பலரும் வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் கேமரா மாட்டினோம்.

அந்தக் கேமராக்களில் பல இன்னும் நன்றாகவே இருக்கின்றன. இரவும் பகலும் ஓயாமல் ஓடும் ரெக்கார்டரும் அதிலுள்ள ஹார்டு டிஸ்க்கும்தான் முதலில் பழுதாகின்றன. புது ரெக்கார்டர் வாங்கும்போது செய்யும் தவறு என்ன என்பதை நாங்கள் பணம் கொடுத்துக் கற்றோம். அதை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் அனுபவம்

பெசன்ட் நகரில் உள்ள எங்கள் வீட்டில் நான்கு கேமராக்கள். இரண்டு பழையவை, 2 மெகாபிக்சல். இரண்டு பின்னர் வாங்கியவை, 5 மெகாபிக்சல். ஒரு மழைக்காலத்தில் ரெக்கார்டர் நின்றுபோனது. நான்கு கேமராவுக்கு நான்கு சேனல் என்ற ஒரே கணக்கில், தள்ளுபடியில் கிடைத்த ஒரு ரெக்கார்டரை வாங்கி வந்தோம். வீட்டில் பிரித்துப் பார்த்தால் எங்கள் கேமரா வயரைச் செருக அதில் இடமே இல்லை. அது வேறு வகைக் கேமராவுக்கானது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை.

இரண்டாவதாக வாங்கியதில் வயர் சேர்ந்தது. ஆனால் இரண்டு கேமராவின் படம் மட்டுமே வந்தது. மற்ற இரண்டும் கறுப்பாகவே இருந்தன. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டோம். படம் வராத இரண்டில் ஒன்று கேட்டைப் பார்க்கும் கேமரா.

அடுத்த மாதமே பக்கத்து வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டர் காணாமல் போயிற்று. காவல் நிலையத்திலிருந்து வந்து எங்கள் பதிவைக் கேட்டார்கள். கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. தெருவில் இரவுக் காவல் பார்த்த பெரியவர் மீது சிலருக்குச் சந்தேகம் எழுந்தது. அவர் சில நாளில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் கேமரா பதிவு செய்திருந்தால் அவர் மீது குற்றம் உண்டா இல்லையா என்பது அன்றே தெளிந்திருக்கும். இரண்டு ரெக்கார்டர் வாங்கிய நஷ்டத்தை வியாபாரத்தில் ஈடுகட்டிவிட்டோம். இதை ஈடுகட்ட வழியில்லை.

1. முதலில் வயரைப் பாருங்கள்

கேமராக்கள் இரண்டு பெரும் வகை. உருண்டையான வயரின் முனையில், திருகி மாட்டும் உலோக பி.என்.சி. கனெக்டர் இருந்தால் அது அனலாக் வகை. அதற்கு டி.வி.ஆர். வேண்டும். கம்ப்யூட்டர் நெட்வொர்க் வயர் வந்தால் அது ஐ.பி. கேமரா. அதற்கு என்.வி.ஆர். வேண்டும். நாங்கள் முதலில் வாங்கியது என்.வி.ஆர்.; எங்களிடம் இருந்ததோ அனலாக் கேமரா. சேனல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதாது.

2. அனலாக் கேமராவிலும் பல பாஷைகள் உண்டு

பி.என்.சி. ஒன்றுதான் என்றாலும், அதன் வழியே வரும் சிக்னல் ஒன்றல்ல. பழைய சாதாரண சிக்னல் சி.வி.பி.எஸ். எனப்படும். பின்னர் வந்த துல்லியமான வகைகள் ஏ.எச்.டி., டி.வி.ஐ., சி.வி.ஐ. என்பவை. ஒன்றை மட்டும் அறிந்த ரெக்கார்டரில் மற்றொன்றின் படம் வராது. இந்த நான்கோடு ஐ.பி. கேமராவையும் ஏற்கும் ரெக்கார்டர்கள் எக்ஸ்.வி.ஆர். அல்லது ‘பென்டாபிரிட்’ என்ற பெயரில் கிடைக்கின்றன. பல கம்பெனிக் கேமராக்கள் கலந்திருக்கும் வீட்டுக்கு இதுவே உத்தமம்.

அடுத்து, ஒரு சேனலுக்கு எத்தனை மெகாபிக்சல் வரை ஏற்கும் என்று கேளுங்கள். எங்களது இரண்டாவது ரெக்கார்டர் 2 மெகாபிக்சல் வரைதான் ஏற்கும். அதனால்தான் 5 மெகாபிக்சல் கேமராக்களின் படம் வரவில்லை. பெட்டியின் மேல் உள்ள எழுத்தையும் கவனியுங்கள். 1080பி என்றால் முழுப் படம். 1080என் என்றால் அகலவாக்கில் ஏறக்குறையப் பாதிப் புள்ளிகளே பதிவாகும். ‘5 மெகாபிக்சல் லைட்’ என்பதும் குறைத்துப் பதிவதே. முழு அளவை என்று சொல்லிக் குறைபடி அளப்பதை நாம் ஏற்போமா? இதிலும் அப்படியே பார்க்க வேண்டும்.

3. ஐ.பி. கேமரா வைத்திருப்போர்

கேமராவும் என்.வி.ஆரும் வேறு வேறு கம்பெனி என்றால் இரண்டிலும் ‘ஆன்விஃப்’ வசதி இருக்க வேண்டும். 2008இல் ஆக்சிஸ், போஷ், சோனி கம்பெனிகள் சேர்ந்து தொடங்கிய பொது இணைப்பு முறை அது. சில கேமராக்களில் இதை நாமே செட்டிங்கில் இயக்கிவிட வேண்டியிருக்கும். கேமரா எச்.265 முறையில் படம் அனுப்பினால் என்.வி.ஆரும் அதை ஏற்க வேண்டும். பழைய என்.வி.ஆர்.கள் பல எச்.264 மட்டுமே ஏற்கும். செல்போனில் மட்டும் பார்க்கும்படி வரும் மலிவு வை-ஃபை கேமராக்களில் பலவற்றை எந்த என்.வி.ஆரிலும் சேர்க்க இயலாது.

4. எத்தனை நாள் பதிவு நிற்கும்?

கணக்கு எளிது. ஒரு கேமரா வினாடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாள் ஒன்றுக்குச் சுமார் 43 ஜி.பி. ஆகும். நான்கு கேமராவுக்கு 173 ஜி.பி. எனவே 2 டி.பி. டிஸ்க் பதினொரு நாள் தாங்கும். எச்.265 முறையில் 2 மெகாபிட் போதும் என்றால் அதே டிஸ்க் இருபத்து மூன்று நாள் தாங்கும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்புகிறவர்கள் இதை நினைவில் கொள்ளவும். கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் போடாமல், கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

5. பணம் கொடுக்கும் முன்

அ) வீட்டுக் கேமராக்களின் மாடல் எண்களை எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் ஒவ்வொரு வகையிலும் ஒரு கேமராவைக் கழற்றிக் கொண்டு போய், கடையிலேயே இணைத்துப் படம் பாருங்கள்.

ஆ) படம் தெரிந்தால் மட்டும் போதாது. ஐந்து நிமிடம் பதிவு செய்து, அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, பென் டிரைவில் எடுத்தும் பாருங்கள்.

இ) ‘சேரவில்லை என்றால் மாற்றித் தரப்படும்’ என்று ஜி.எஸ்.டி. பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஈ) புதுக் கேமராவும் வாங்குவதானால், 2025 ஏப்ரல் 9 முதல் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறிய மாடல்களையே விற்கலாம் என்ற விதி இருக்கிறது. அதற்கான சான்று உள்ளதா எனக் கேளுங்கள்.

6. மாட்டிய பிறகு

ரெக்கார்டரைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் பெரம்பூரில் ஒரு நகைக்கடையின் ஷட்டரை வெட்டித் திருடியவர்கள், கேமரா பதிவு இருந்த டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். பூட்டிய அலமாரியில், காற்றோட்டமாக, யு.பி.எஸ். இணைப்புடன் வையுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள்.

பெசன்ட் நகர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றால் கனெக்டர் துருப்பிடிக்கும். படம் ஆடினால் ரெக்கார்டரைக் குறை சொல்லும் முன் கனெக்டரைப் பாருங்கள். அதை மூடிய பெட்டிக்குள் வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

ரெக்கார்டரின் தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆவது பிரிவின்படி, பதிவின் நகலைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் தர வேண்டும். நேரம் தவறாக இருந்தால் அந்தப் பதிவை வைத்து வீண் வாதங்கள் கிளம்பும். கேமரா நம் வாசலைப் பார்க்கட்டும். அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டில் பென்டாபிரிட் ரெக்கார்டர் நான்கு கேமராவையும் பதிவு செய்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் முந்திய நாள் பதிவை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கிறோம். கடையில் தினமும் கல்லாக் கணக்கைச் சரிபார்க்கிற நமக்கு இது பெரிய வேலையல்ல. இதைப் படிக்கும் அங்கத்தினர்கள் இன்று இரவே வீட்டு ரெக்கார்டரில் நேற்றைய பதிவு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.