டீச்சக்கையும் குரோமியமும்

ஜெகதளாவில் எங்கள் வீட்டில் டீ வடிகட்டிய சக்கை நேரே ரோஜாச் செடிக்குத்தான் போகும். அதே சக்கை கழிவுநீரிலிருந்து உலோகத்தைப் பிடிக்கும் என்று படித்தபோது, "அட, இதுவா?" என்று தோன்றியது.

நண்பர்களே, ராணிப்பேட்டையைப் பாருங்கள். 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். அதில் கசிந்த ஆறு இணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரில் கலந்தது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

செய்முறை எளிது. சக்கையைச் சாயம் போகும்வரை வெந்நீரில் அலசி, காயவைத்து, சலிக்க வேண்டும். பி.ஹெச். 2 அளவில் குரோமேட் அயனி நன்றாக ஒட்டும். லேபில் செய்தேன், டைகுரோமேட்டின் மஞ்சள் வெளுத்தது. ஒரே குஷி!

"மஞ்சள் போச்சு. குரோமியம் போச்சா?" என்றார் சார். மடக்கிட்டார்! டீயின் பாலிஃபீனால்கள் ஆறு இணைதிறனை மூன்றாகக் குறைத்துவிடும். நிறம் போனாலும் ஒரு பகுதி நீரிலேயே நிற்கும். எனவே மொத்தக் குரோமியத்தையும் அளக்கணும். சுண்ணாம்பு சேர்த்து பி.ஹெச். 8க்கு உயர்த்தி, மீந்ததை வீழ்படிவாக்கணும்.

மற்றது சக்கையில் இருக்கிறது. அதை ரோஜாவுக்குப் போடலாமா? கூடவே கூடாது. உலோகம் அழியாது, இடம்தான் மாறும். பிடித்ததை எங்கே பத்திரமாக வைப்பது என்பதற்கும் விடை எழுதினால்தான் நம் ப்ராஜெக்ட் முழுமை.