1804 என்று பொறித்திருந்தால் போதுமா?

நம்பிக்கை: அமெரிக்க நாணயங்களின் அரசன் எனப்படும் 1804 வெள்ளி டாலர், 1804இல் அடிக்கப்பட்டது.

அந்த ஆண்டில் பிலடெல்ஃபியா நாணயச்சாலை 19,570 டாலர்களை அடித்துக் கொடுத்ததாகக் கணக்கேடு சொல்கிறது. கணக்கு சரிதான். ஆனால் அச்சு வெட்டுவது கடினமான வேலை என்பதால், பழைய அச்சு உடையும்வரை அதையே பயன்படுத்துவார்கள். அந்த டாலர்கள் 1803 அல்லது அதற்கு முந்தைய ஆண்டைத் தாங்கியே வெளிவந்தன. 1804 என்று பொறித்த முதல் டாலர் பிறந்தது முப்பது ஆண்டுகள் கழித்து. தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் கொண்டுபோகும் பரிசுப் பெட்டிகளில் எல்லா வகை நாணயமும் இருக்கவேண்டும் என்று அரசு கேட்டது. வெள்ளி டாலர் அடிப்பது அப்போது நின்றுபோயிருந்தது. கணக்கேட்டில் கடைசியாக இருந்த ஆண்டைப் பார்த்துப் புது அச்சு வெட்டினார்கள்.

பின்னாளில் சேகரிப்பாளர்களுக்காக நாணயச்சாலைக்குள்ளேயே ரகசியமாக இன்னும் சில அடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று 1857ஆம் ஆண்டின் சுவிஸ் நாணயத்தின் மேலேயே அடித்தது! எல்லாம் சேர்த்து இன்று அறியப்பட்டவை 16. இரண்டு வகையையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. முதல் வகை அரசின் பரிசு; பின்னது திருட்டுத்தனமான வேலை. சுல்தானிடம் போன டாலர் 1999இல் 41,40,000 டாலருக்கு ஏலம் போனது. இப்படிப்பட்ட விலைக்கு ஆசைப்பட்டுத்தான் மோசடிக்காரர்கள் 1801 டாலரின் கடைசி எண்ணைத் திருத்தி 4 ஆக்குகிறார்கள். பழைய பெட்டியில் 1804 டாலர் கிடைத்தது என்று யாராவது வந்தால், முதலில் அந்த 4ஐ உருப்பெருக்கியில் பாருங்கள்.

நம்பிக்கை: இருநூறு ஆண்டுப் பழமை என்றால் அரிதாகத்தான் இருக்கும்.

1807 முதல் 1836 வரை வந்த, தொப்பி அணிந்த சுதந்திர தேவியின் அரை டாலர்கள் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டன. வங்கிகள் அவற்றைக் கையிருப்பாகப் பையில் கட்டி வைத்திருந்ததால், தேயாமல் தப்பியவை ஏராளம். அவற்றில் பலவற்றை நடுத்தர வருமானக்காரரும் வாங்கலாம்.

நம்பிக்கை: முகத்தில் கீறல் இருந்தால் மதிப்பு போச்சு.

எடை கூடிய வெள்ளி வில்லையை, அடிப்பதற்கு முன்பே அரத்தால் ராவிச் சரிசெய்வது அக்கால வழக்கம். அந்தக் கோடுகள் இணையாக ஓடும். அச்சின் அழுத்தத்தில் ஓரளவு மங்கிவிடும். பிற்காலக் கீறலோ அடித்து முடித்த பரப்பை அறுத்துக்கொண்டு போகும். 2013இல் 1,00,16,875 டாலருக்கு விற்ற 1794 டாலரில் அரம் ராவிய கோடுகளும் உண்டு. எடை குறைந்ததால் நடுவில் செருகிய வெள்ளித் துண்டும் உண்டு. அந்த ஆண்டு வெளிவந்தவை வெறும் 1,758.

மதிப்பைக் கெடுப்பது நம் கைதான். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் நாணயத்தைத் தேய்த்தால் மேற்பரப்பின் இயல்பான ஒளி போய்விடும். தரம் பார்க்கும் நிறுவனங்கள் சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதி, தர எண் தர மறுக்கும்.

போலியைப் பிடிக்க எடை ஒரு வழி: அக்காலச் சட்டப்படி டாலர் 416 கிரெயின், ஏறத்தாழ 26.96 கிராம். விளிம்பையும் பாருங்கள். அசலில் விளிம்பு எழுத்துகளை வில்லையை உருட்டிப் பொறித்துவிட்டுத்தான் முகத்தை அடிப்பார்கள். வார்ப்புப் போலியில் பெரும்பாலும் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய இணைப்புக் கோடு தெரியும்.