டாட்டா இன்ஸ்டிடியூட் நம் பிள்ளைகளுக்கும் உரியதே

தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூர் சென்று வரும் நம்மவர்கள் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்று பூதிகோட்டையில் என்னிடம் சொன்ன பெற்றோர் பலர். டிப்ளமோ படித்து ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

அதன் முறையான பெயர் இந்திய அறிவியல் கழகம். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கனவு அது. அவர் 1904-இல் காலமானார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்கியது. 1909-இல் கழகம் நிறுவப்பட்டு, 1911-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர்.

தொடக்கத் துறைகளில் ஒன்று மின் தொழில்நுட்பம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் முதலில் வந்தது நம் சுரங்கங்களுக்குத்தான், பெங்களூருக்கு 1905-இல்தான். மின்சாரம் அறிந்தவர்கள் நாட்டுக்குத் தேவைப்பட்ட காலம் அது. 1933-இல் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார்.

மாணவர்கள் வளாக விடுதியிலேயே தங்கி, மர நிழலில் சைக்கிளில் வகுப்புக்குச் செல்கிறார்கள். ஆய்வுக்கூடங்களில் இரவிலும் விளக்கெரியும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. பி.யு.சி. முடித்தவர்களுக்கு 2011 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பும் உள்ளது. பணமல்ல, நுழைவுத்தேர்வு மதிப்பெண்தான் அங்கே கேட்கப்படுகிறது.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் நம் குடும்பங்களுக்குப் படிப்பே பிழைப்பு. ஆண்டுக்கொரு நாள் ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள். எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.