நெல் இரகங்களை மதிப்பிடும் முறை

ஒரு பருவத்து விளைவைக் கண்டு இரகத்தை மாற்றிவிடும் வழக்கம் நம் வட்டாரத்தில் பெருகி வருகிறது. பக்கத்து வயலில் புது விதை நன்றாய் விளைந்தது என்ற செய்தி ஒன்றே போதும். அடுத்த சம்பாவுக்கு ஊரே அதற்கு மாறுகிறது. பீர்க்கன்கரணை ஏரியின் ஆயக்கட்டு இன்று வீட்டு மனைகளாகித் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிவிட்டது. அதற்குத் தெற்கே எஞ்சியிருக்கும் ஏரிப் பாசன வயல்களிலேனும் விதைத் தெரிவு நிதானமாக நடைபெறல் வேண்டும்.

வயலில் நாம் காணும் மகசூல் இருவகைக் காரணங்களால் விளைவது. ஒன்று, பயிரின் பிறவிக் குணம். மற்றொன்று மண், மழை, எரு, பூச்சி முதலிய சூழ்நிலை. ஐப்பசியில் மழை தக்க தருணத்தில் பெய்த ஆண்டில் சுமாரான இரகமும் புகழ் பெறும். கதிர் முற்றும் வேளையில் புயல் வந்தால் சிறந்த இரகமும் சாய்ந்து கெட்ட பெயர் எடுக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், பல இரகங்களை அருகருகே, பல இடங்களில், பல ஆண்டுகள் பயிரிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1965-ஆம் ஆண்டில் தொடங்கிய அகில இந்திய நெல், கோதுமை ஒருங்கிணைப்புத் திட்டங்களின் அடிப்படையும் இதுவே.

இச்சோதனைகளில் புதிய இரகங்களுக்கு இடையே நன்கு அறிந்த பழைய இரகம் ஒன்றையும் ஒப்பீட்டுக்காக விதைப்பர். அதன் பயன் பெரிது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர். 8, அக்காலத்தில் எக்டருக்கு 9 முதல் 10 டன் வரை விளைந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நிலையத்தில் அதனைப் பயிரிட்டபோது ஏறத்தாழ 7 டன்னே கிடைத்தது. விதை கெட்டுவிட்டதோ என ஆராய்ந்தனர். அதன் பிறவிக் குணம் மாறவில்லை, சூழ்நிலையே மாறியிருந்தது. அந்நிலையத்தின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, வறட்சிப் பருவத்தில் இரவு வெப்பம் 1 பாகை உயர மகசூல் சுமார் 10 சதவீதம் குறைந்தது. ஆகவே புதிய இரகங்கள் பழைய மகசூலைக் காத்து நிற்பதற்கே பெருமுயற்சி தேவைப்படுகிறது. பழைய இரகத்தை அருகில் விதைத்திராவிடில் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

கோதுமையிலும் நிலைமை இதுவே. நீலகிரியில் துரு நோய்ப் பூஞ்சை ஆண்டு முழுவதும் உயிர்த்திருப்பதால், வெலிங்டனிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை நிலையத்தில் கோதுமை வகைகளின் நோய் எதிர்ப்பைச் சோதிக்கின்றனர். பூஞ்சையில் புதிய இனம் தோன்றிவிட்டால், நேற்றுவரை நோயை எதிர்த்த இரகம் இன்று வீழ்ந்துவிடும்.

பழைய இரகங்களை அலட்சியமாக எண்ணுவோர் நம் பக்கத்துத் திரூர்க்குப்பத்தின் கதையை அறிதல் நலம். கோயம்புத்தூரில் 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24 இரகத்தையும் கோ. 18 இரகத்தையும் ஒட்டுச் சேர்த்து, 1952-இல் டி.கே.எம். 6 அங்கே வெளியிடப்பட்டது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் அதன் குணத்தை நாடி, பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சியாளர் அதனைப் பெற்றோராகக் கொண்டு உருவாக்கியதே நம்மவர் பலரும் பயிரிட்ட ஐ.ஆர். 20. அவ்விதையைப் பேணாமல் விட்டிருந்தால் இந்த ஒட்டுக்கு வழியே இருந்திராது.

ஊராட்சி அளவில் செய்யத்தக்கது எளிதே. ஒரே மண்வாகுள்ள வயலில் மூன்று இரகங்களுக்கு, இரகத்துக்கு மூன்று பாத்தியாக, ஒவ்வொன்றும் 1 சென்ட் அளவில் ஒன்பது பாத்திகள் ஒதுக்குக. மூன்றில் ஒன்று ஊர் அறிந்த பழைய இரகமாக இருத்தல் வேண்டும். எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால் மேட்டுப் பாத்தி ஒரே இரகத்துக்குப் போய்ச் சேராது. எருவும் நீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றாய் இருக்கட்டும். அறுவடையில் வரப்போர வரிசைகளை நீக்கிவிட்டு, நெல்லை ஒரே பதமாகக் காயவைத்து எடை போடுக; கண்மதிப்பு உதவாது. நடவு நாள், கதிர் வெளிவந்த நாள், மழை, பூச்சி ஆகியவற்றை ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி, குறைந்தது மூன்று சம்பாப் பருவங்கள் கழிந்த பின்னரே முடிவு கூறுக. இரண்டாம் ஆண்டில் மழை பொய்த்தால் சோதனையைக் கைவிட வேண்டாம். அவ்வாண்டின் எடையே பெரிதும் வேண்டப்படுவது.