வெள்ளம் புகுந்த கிணறு: குடிநீரைக் காக்கும் முறை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையால் தாமிரபரணி கரை கடந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வயல்களும் வீடுகளும் மூழ்கின. இத்தகைய வெள்ளம் சாக்கடைக் கழிவையும் எருக்குழி நீரையும் கிணற்றில் கொண்டு சேர்க்கும். சேறு படிந்து நீர் தெளிந்துவிட்டால் குடிக்கலாம் என்று எண்ணுவது தவறு. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் கண்ணுக்குத் தெரியா.

முதலில் கலங்கல் நீரை இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் வைத்து ஓட்டக் கூடாது; அதன் புகை ஆளைக் கொல்லும்.

நீர் ஊறிய பின் அதன் அளவைக் காண்க. விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (மீட்டரில்) × 785 = லிட்டர். உதாரணமாக, 2 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 12,560 லிட்டர் இருக்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம், இதற்குச் சுமார் 32 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் தேவை. ஈரம் பட்ட பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும்.

பவுடரை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடவும். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் வடித்து, கயிறு கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்கவும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் நீரின் கடினத்தன்மை கூடும்.

1 மணி நேரம் கழித்து, சுகாதார ஆய்வாளரைக் கொண்டு குளோரோஸ்கோப் கருவியால் சோதிப்பது நலம். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும்; இல்லையேல் மீண்டும் மருந்திடவும். அதுவரை நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.